மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரிகிறதா?

பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த கையோடு எழுதிய கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே கவலை. அதனால் ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் 625-க்கு 569 வாங்கியிருக்கிறான். கணக்கில் 98. பி.யு.சி. சயன்ஸில் சேர்க்கலாம் என்று இருந்தோம். அவனோ ராஜாஜிநகர் அரசு டூல் ரூமில் டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமாதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஸ்பேனர் பிடிக்கப் போறானா?" என்று என் அண்ணன் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். என்ன செய்யட்டும் சார்?
– ஒரு தாய், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: அம்மா, அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். மருமகன் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் சத்தம் போட்டிருக்கிறார். டூல் அண்ட் டை என்றால் என்ன வேலை என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

உங்கள் சமையலறையில் இருக்கிற எண்ணெய் பாட்டில் மூடியைக் கையில் எடுங்கள். உள்ளே மரை ஓடியிருக்கும், விளிம்பில் சன்னமான பற்கள் இருக்கும். அந்த வடிவத்தை முதலில் எஃகில் குடைந்து எடுக்க வேண்டும். அதுதான் அச்சு. ஒரு அச்சிலிருந்து லட்சக்கணக்கில் மூடி விழும். அச்சில் தப்பு இருந்தால் அத்தனை மூடியிலும் அந்தத் தப்பு இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டூல் ரூமில் 10 மைக்ரான் தள்ளிப்போனாலே ஜாப், அதாவது செய்துகொடுத்த துண்டு, திரும்பி வந்துவிடும்.

கணக்கில் 98 வாங்கிய பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அண்ணன் கேட்டால் சைன் பாரைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு உருளைகள் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு எஃகுச் சட்டம் அது. உருளைகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி சாய்வு வேண்டுமென்றால் ஒரு பக்கத்து உருளைக்கு அடியில் 100 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கட்டைகள் அடுக்க வேண்டும். 17 டிகிரி என்றால் 58.474. பத்தாம் வகுப்பில் சைன், காஸ் என்று படித்துப் பரீட்சையோடு மறந்துவிடுகிறோமே, அந்தக் கணக்கை அங்கே தினமும் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

நான் 1975-ல் பதினாறு வயதில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தேன். அப்பா மர்ஃபி டவுனில் கொத்து வேலை. அந்தக் காலத்தில் எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். என்று அரசுத் தொழிற்சாலை எதிலாவது அப்ரன்டிஸ் சீட் கிடைத்தால் தெருவுக்கே இனிப்பு கொடுப்பார்கள். வகுப்பில் முதல் வரிசைப் பையன்கள்தான் அந்தப் பரீட்சை எழுதினார்கள். சேர்ந்த முதல் நாள் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, ஆறு பக்கமும் அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார் எங்கள் இன்ஸ்ட்ரக்டர். எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூலைமட்டத்தை, அதாவது செங்கோணம் சரியா என்று பார்க்கும் மட்டத்தை, அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "பார், வெளிச்சம் தெரியுதா?" என்றார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஊசி மாதிரி ஒரு கீற்று. வெளிச்சம் தெரிந்தால் பக்கம் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கீற்றை மறைக்க எனக்கு இன்னும் ஒன்பது நாள் பிடித்தது. அதுவரை பள்ளிக்கூடத்தில் எதுவுமே எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. அந்தக் கஷ்டத்தில்தான் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் எப்போதோ "படிப்பு ஏறாதவனை ஐ.டி.ஐ.யில் போடு" என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. தொழிலுக்கு ஆள் சேர்க்கிறவர்களும் "இது சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்றே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளை சுலபமான வேலைக்கு ஏன் வருவான்? இவ்வளவு பேச்சையும் தாண்டி உங்கள் மகன் தானாக வருகிறேன் என்கிறான். விட்டுவிடாதீர்கள்.

அந்த டூல் ரூம் 1972-ல் டென்மார்க் உதவியோடு தொடங்கியது. மூன்று வருடம் வகுப்பும் பட்டறையும், அதன் பிறகு ஒரு வருடம் தொழிற்சாலையில். டிப்ளமா முடித்து மேலே படிக்க ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். கதவு எதுவும் மூடிவிடாது. ஆனால் இங்கே சேர்த்தாலும் சரி, வேறு இடத்தில் சேர்த்தாலும் சரி, வேலை நாளில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்றாம் வருடப் பையன் ஒருவனை டீக்கடையில் பிடித்து, "இந்த வாரம் உன் கையால் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். அவன் உடனே பதில் சொன்னால் அது நல்ல இடம். மகனுக்கும் ஒரு வார்த்தை: முதல் மூன்று மாதம் கை கொப்பளிக்கும், கால் வலிக்கும். அதைச் சொல்லியே அனுப்புங்கள்.

கேள்வி: வயது 20. பி.யு.சி. பாதியில் நிறுத்திவிட்டு உணவு டெலிவரி செய்கிறேன். பெட்ரோல் போக மாதம் 18,000 நிற்கிறது. ஐ.டி.ஐ. இரண்டு வருடம், அப்புறம் அப்ரன்டிஸ் ஒரு வருடம், அதற்கு ஏழாயிரமோ எட்டாயிரமோ. நான் ஏன் போக வேண்டும்?
– லிங்கராஜபுரம்

பதில்: நியாயமான கேள்வி தம்பி. இதற்கு நல்ல பதில் இல்லாததால்தான் பாதிப் பிள்ளைகளை இழந்துகொண்டிருக்கிறோம். 2019-ல் திருத்திய விதியில் அப்ரன்டிஸ் உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து, குறைந்தபட்சம் மாதம் 5,000 முதல் 9,000 வரை என்று வைத்தார்கள். பெங்களூரில் அந்தப் பணத்தில் ரூம் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாது. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

உன் வீட்டு அடுப்பு உன் 18,000-ல்தான் எரிகிறது என்றால், நாளைக்கே வண்டியை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கணக்கை எழுதிப் பார். டயர், சர்வீஸ், வண்டித் தவணை, மழையில் சறுக்கி விழுந்தால் வீட்டில் கிடக்கும் நாட்கள் எல்லாம் அந்த 18,000-லிருந்து போக வேண்டும். ஐந்து வருடம் ஓட்டிய பிறகும் ஒரு டெலிவரிக்கு உனக்குக் கிடைப்பது புதிதாக வந்தவனுக்குக் கிடைப்பதுதான். பட்டறையில் அப்படி இல்லை. மெஷினை ஓட்ட மட்டும் தெரிந்தவனுக்கு ஒரு சம்பளம். ஜாபை மெஷினில் கட்டி, அளவு தொடங்கும் புள்ளியை எடுத்து, டூலுக்கான அளவுத் திருத்தம் போட்டு முதல் பீஸைச் சரியாக எடுத்துக் காட்டுகிற செட்டருக்கு வேறு சம்பளம். என்னிடம் கற்ற ஒரு பையனும் உன்னை மாதிரி வண்டி ஓட்டியவன்தான். இப்போது பீனியா தொழிற்பேட்டையில் வி.எம்.சி. என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினில் செட்டராக இருக்கிறான். போன தீபாவளிக்கு அவனை இழுக்க இரண்டு கம்பெனிகள் வந்தன.

ஐ.டி.ஐ.யில் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. ஆகவே உனக்கு வயது தாண்டிவிடவில்லை. சில ஐ.டி.ஐ.களில் பிற்பகல் ஷிஃப்டும் உண்டு. படிப்பு அரை நாள், டெலிவரி அரை நாள் என்று இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்களை எனக்குத் தெரியும். கஷ்டம்தான், ஆனால் நடந்திருக்கிறது. அவ்வளவு காலம் முடியாது என்றால் வெல்டர் ஒரு வருடப் படிப்பு. அப்ரன்டிஸாகப் போகும்போது சாப்பாடும் தங்குமிடமும் தருகிற கம்பெனியாகத் தேடு. அப்படிப்பட்ட கம்பெனிகள் இருக்கின்றன.

கேள்வி: நான் கே.ஜி.எஃப். பொண்ணு. டர்னர் டிரேடு எடுக்க ஆசை. "ஆம்பளைங்க மத்தியில் லேத் மெஷினில் நிற்பியா?" என்று பாட்டி கேட்கிறார். பெண்கள் இந்த வேலை செய்யலாமா ஐயா?
– பத்தாம் வகுப்பு முடித்த மாணவி

பதில்: செய்யலாம் தாயி. லேத்துக்கு ஆண், பெண் தெரியாது. எடை தூக்க ஹாய்ஸ்ட் இருக்கிறது. மற்றபடி அந்த வேலைக்கு வேண்டியது பொறுமையும் கண்ணும்தான். என்னிடம் பயின்ற பெண்களில் இரண்டு பேர் மைக்ரோமீட்டரைத் திருகும்போது காட்டிய நிதானம் பல ஆண்களிடம் நான் பார்க்காதது.

பாட்டியிடம் பேசும்போது கோலார் தங்கச் சுரங்கத்தை ஞாபகப்படுத்து. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் உங்களுடையது. சுரங்கம் 2001-ல் மூடும் வரை அந்தப் பெரிய மெஷின்களை ஓடவைத்த ஃபிட்டர், டர்னர் எல்லாம் உங்கள் தெருக்களில் இருந்தவர்கள்தான். உன் வீட்டிலேயே யாராவது இருந்திருப்பார்கள், கேட்டுப் பார்.

பாட்டி கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பாதுகாப்பு. லேத்தில் நிற்கும்போது துப்பட்டா கூடாது. முடியை இறுகக் கட்டிக் கேப்புக்குள் விட வேண்டும். வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். சுற்றுகிற ஜாப் பக்கத்தில் கையுறை போடவே கூடாது, துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஜாபைப் பிடிக்கும் சக்கை இறுக்குகிற சாவியை (சக் கீ) சக்கில் விட்டுவிட்டு ஒரு நொடி கூட நகராதே. இந்த ஐந்தையும் முதல் நாளே சொல்லித்தராத இடம் என்றால் வெளியே வந்துவிடு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடு. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்துபோவது பெரியவர்களையே களைக்க வைக்கும். முதல் இரண்டு வருடம் உங்கள் பக்கத்திலேயே கிடைத்தால் அங்கேயே படி. அப்ரன்டிஸுக்கு நகரத்துக்கு வரலாம். வரும் முன் கன்னடம் சரளமாக்கிக்கொள். ஷாப் ஃப்ளோரில் அவசரத்துக்கு யார் எந்த மொழியில் கத்துவார்கள் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடமாகச் சும்மா இருக்கிறேன். அப்ரன்டிஸாகப் போனால் கௌரவக் குறைவா?
– விவேக்நகர்

பதில்: இல்லை. பட்டதாரிகளுக்கென்றே ஒரு வருட அப்ரன்டிஸ் திட்டம் இருக்கிறது. தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னையில் இருக்கிறது, இணையத்திலேயே பதியலாம். போனால் ஆபீஸில் உட்கார வைக்காதீர்கள், மெஷினில் நிறுத்துங்கள் என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பீனியாவில் சிறு தொழிற்சாலை நடத்துகிறேன், 40 பேர் வேலை செய்கிறார்கள். அப்ரன்டிஸ் எடுத்தால் மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். கெட்டிக்காரப் பையன்கள் வருவதே இல்லை. என்ன செய்தால் வருவார்கள், என்ன செய்தால் நிற்பார்கள்?
– ஒரு முதலாளி

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. கேட்காமலே "இந்தக் காலத்துப் பசங்க சரியில்லை" என்று முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் ஆலோசகராக இருந்தேன். அங்கே ஒரு பையன் இருந்தான். மெஷின் பக்கமாக நடந்து போனவன் சட்டென்று நின்று, "சார், இன்சர்ட் போகப் போகுது" என்றான். டூலின் வெட்டும் முனைதான் இன்சர்ட். எனக்குக் கேட்கவில்லை. நிறுத்திக் கழற்றிப் பார்த்தோம், முனையில் அரிசி நுனி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு வருடம் ஆன விஷயம் அது. அவன் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட பையனை அதற்குப் பிறகு நாலு மாதம் பேக்கிங்கில் போட்டு வைத்தார்கள், டிஸ்பாட்ச் அவசரம் என்று. நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு திங்கள்கிழமை அவன் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. நான் மூன்றாவது தடவையும் சொல்லியிருக்க வேண்டும்.

தன் மெஷினில் விழுந்த இரும்புச் சுருளைத் தானே கூட்டுவது தொழிலில் சேர்த்தி. டீ வாங்கி வருவதும் ஆபீஸ் பெருக்குவதும் அதில் சேராது. பையன் சேருகிற அன்றே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்: எந்த மாதம் எந்த மெஷின், எந்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன், எந்த மாதம் தானாக ஒரு ஜாபைக் கட்ட வேண்டும் என்று. பன்னிரண்டாம் மாதம் சம்பளம் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கெட்டிக்காரப் பையன் முதலில் பார்ப்பது அடுத்த படி எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

அடுத்தது உங்கள் செட்டர். அவர் ஏன் சொல்லித்தர மாட்டேன் என்கிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? இவன் கற்றுக்கொண்டால் பாதிச் சம்பளத்துக்கு இவனை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பல இடத்தில் அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே, சொல்லித்தருவதற்கென்று அவருக்கு மாதாமாதம் தனியாக ஒரு தொகை கொடுங்கள். பையன் டிரேடு டெஸ்ட் பாஸானால் இன்னொரு தொகை. எல்லோருக்கும் முன்னால், "இவர்தான் பயிற்சி மாஸ்டர்" என்று சொல்லுங்கள். மாஸ்டருக்கு மரியாதை இருக்கிற இடத்தில்தான் நாமும் ஒரு நாள் மாஸ்டர் ஆகலாம் என்று பையனுக்குத் தோன்றும். ஜெர்மனியில் தொழிலில் மேலே போய் 'மைஸ்டர்' பட்டம் வாங்கினால் தகுதி வரிசையில் அது இளநிலைப் பட்டத்துக்குச் சமம். சுவிட்சர்லாந்தில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தொழிற்பயிற்சிப் பக்கம் போகிறார்கள். அங்கே மாஸ்டருக்கு இருக்கிற மரியாதைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961-ம் வருட அப்ரன்டிஸ் சட்டத்தின்படி இப்போது 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், மொத்த ஆளில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. உங்கள் 40 பேருக்கு ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை. 2016-ல் வந்த ஊக்கத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. விதியில் இருப்பது குறைந்தபட்சத் தொகை. அதற்கு மேல் தர எந்தத் தடையும் இல்லை. ஆறு பேரை எடுத்து ஆறு பேரையும் இழப்பதற்குப் பதில், இரண்டு பேரை எடுத்து இரண்டு மடங்கு கொடுங்கள். டெலிவரி வண்டியோடுதான் உங்களுக்குப் போட்டி. மேலே லிங்கராஜபுரத்துத் தம்பி எழுதியிருப்பதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறோம். படிப்பில் பின்தங்கிய இருபது பேருக்கு நீங்கள் வந்து ஐ.டி.ஐ. பற்றிப் பேச முடியுமா?
– தலைமையாசிரியை, அல்சூர்

பதில்: கட்டாயம் வருகிறேன் டீச்சர். இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இருபது பேரைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். பிரித்த உடனேயே, "இது உங்களை மாதிரி ஆளுக்கு" என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அதற்கு மேல் நான் என்ன பேசினாலும் காதில் ஏறாது. பின்தங்கியவர்கள் பத்துப் பேர், வகுப்பில் முதல் பத்துப் பேர் என்று கலந்து அனுப்புங்கள். வீட்டில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுத் திட்டு வாங்குகிற பிள்ளை யாராவது இருந்தால், எந்த மார்க்காக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் பேசப் போவதில்லை. 2019-ல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலகத் திறன் போட்டியில் இந்தியா நீர்த் தொழில்நுட்பத்தில் தங்கம் வாங்கியதை ஒரு நிமிடம் சொல்வேன். இந்த வயதுப் பிள்ளைகளும் உலக மேடைக்குப் போகிறார்கள் என்று தெரிய வேண்டும், அதற்காக. மீதி நேரம் முழுக்க வேலை. ஆளுக்கொரு இரும்புத் துண்டு, இரண்டு பேருக்கு ஒரு முரட்டு அரம், ஒரு மென் அரம் நான் கொண்டுவருகிறேன். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாக ராவ வேண்டும். இரண்டு மணி நேரத்தில் யாராலும் முடியாது, அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். மணி அடித்த பிறகும் யார் மூலைமட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ, அவர்கள் பெயரை மட்டும் உங்களிடம் எழுதித் தருகிறேன். அவர்களின் அப்பா அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், நான் பேசுகிறேன்.

பள்ளி மேசைகள் ஆடும். நாலு மேசையின் கால்களைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, மேலே இரும்பைப் பிடிக்கும் வைஸ் பொருத்தத் துளை போட ஒரு தச்சர் வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அவரை வரச் சொல்லுங்கள், நானும் வந்துவிடுகிறேன்.